பின்னுக்குப் போட்ட கதிரை

என்ன அன்ரி, என்ர சீலையைப் பாக்கிறியளோ? கலியாண வீட்டுக்குப் போகேல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் உந்த லண்டனிலை ஆர் கலியாணம் வைக்கினம்? மகளின்ர பள்ளிக்கூடத்துக்குப் போட்டு வாறன். ஓம், பள்ளிக்கூடத்துக்குத்தான் காஞ்சிபுரம் உடுத்தனான். அதுக்கு மேலை உந்தக் குளிர்க்கோட்டையும் போட்டுக்கொண்டு பஸ்ஸிலை இருக்கப் பகிடியாத்தான் இருக்கும். சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ, நான் ஒண்டும் நினைக்கமாட்டன். நீங்கள் தமிழ் எண்டு ஏறேக்கையே கண்டிட்டன். அதுதான் அவ்வளவு இடம் கிடக்க வந்து பக்கத்திலை இருந்தனான். ஆரிட்டையாவது சொல்லாட்டி எனக்குத் தலை வெடிச்சுப்போம்.

கொஞ்சம் தள்ளுங்கோ. இல்லை, வேண்டாம், இருங்கோ, நான் கரையிலையே இருக்கிறன். எனக்கு ஒரு இடத்திலை இருக்கவும் ஏலாமல் கிடக்கு. பள்ளிக்கூடத்திலையிருந்து வீடு நடந்து போற தூரம், தெரியுமோ? இந்த பஸ் வந்துது, ஏறிட்டன். நம்பரைக்கூடப் பாக்கேல்லை.

என்ர மகள் ஆரபி. எட்டு வயசு. அவள் படிக்கிறது யூத ஆக்களின்ர பள்ளிக்கூடம். ஏன் கண்ணை விரிக்கிறியள்? எல்லாரும் இப்பிடித்தான் விரிக்கிறவை. கிட்டடியிலை இருக்கிறது அதுதான், நல்லாப் படிப்பிக்கினம். யூதப் பிள்ளையள் இப்ப உந்தப் பக்கத்திலை குறைவெண்டு எல்லாரையும் எடுக்கினம். இவளின்ர வகுப்பிலை அரைவாசி தான் யூதப் பிள்ளையள். சோமாலிப் பிள்ளை இருக்கு, குஜராத்தி இருக்கு, போலந்து இருக்கு. பெடியள் எல்லாம் உச்சந்தலையிலை சின்னத் தொப்பி ஒண்டு வைச்சுக்கொண்டு ஓடித் திரியும். சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளை இறைச்சி குடுத்துவிடேலாது. ஒருக்கா நான் மறந்துபோய் மட்டன் றோல்ஸ் ரெண்டு வைச்சுவிட, ஐயோ, அதைப் பவுத்திரமாச் சுத்தி, திருப்பி என்ர கையிலை தந்தினம். ஒரு பேச்சுப் பேசேல்லை. மரியாதையான சனம். அதைச் சொல்லத்தான் வேணும். இண்டையான் கதை வேறை.

எனக்குச் சமயம் கிமயம் பாக்கிற பழக்கம் இல்லை, அன்ரி. எந்தச் சாமியும் சாமி தான். என்ர மனிசன் குருகோதயம், அவர்தான் முதலிலை தயங்கினவர். நான்தான் சொன்னனான், உந்தப் பழைய பஞ்சாங்கத்தை விடுங்கோ, உலகம் எங்கையோ போட்டுது எண்டு.

சரி, கேளுங்கோ. யூத ஆக்களுக்கு வெள்ளி பொழுதுபட்டால் ஓய்வு நாள் தொடங்கியிடும். சபாத் எண்டு சொல்லுறது. வீட்டு அம்மா ரெண்டு மெழுகுதிரி கொளுத்தித்தான் அதைத் தொடங்கிறவ. எங்களுக்கும் வெள்ளி தானே விளக்கு? பாத்தியளே? பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குப் பழக்கிறதுக்காக வெள்ளி காலமையே வகுப்பிலை வைச்சுச் செய்வினம். ஒவ்வொரு கிழமையும் ஒரு பெட்டை அம்மாவா வருவாள், ஒரு பெடியன் அப்பாவா வருவான். அவையின்ர பாசையிலை அம்மாவுக்கு என்ன சொல்லுறது தெரியுமோ? இம்மா. அப்பாவுக்கு அபா. எங்கட சொல்லை எடுத்துக் கொஞ்சம் நெளிச்ச மாதிரி. எனக்கு அதைக் கேட்ட நாளிலை இருந்து ஒரு பெருமை.

இந்தக் கிழமை இம்மா எங்கட ஆரபி. இம்மாவா வாற பிள்ளை, தன்ர வீட்டு ஆக்களிலை ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவவோடை சேந்து திரி கொளுத்தலாம். ஆரைக் கூட்டிக்கொண்டு போறது? தாயைத்தானே? இதிலை கேள்வி ஒண்டு இருக்கோ? நான் ஆரையும் கேக்கேல்லை. வேலைக்கு லீவு போட்டன், தலைக்கு முழுகினன், சீலையை உடுத்தன், வெளிக்கிட்டன். காலமை அவளைப் பள்ளிக்கூடத்திலை விடப் போன மனிசன் என்னை ஒரு பார்வை பாத்தவர். "நீயும் வாறியோ?" எண்டார். "நீயும்" எண்டார், அன்ரி. எனக்கு அந்த "உம்" உறைக்கேல்லை.

வகுப்பு வாசலிலை ரீச்சர் நிக்கிறா. மிஸ் அட்லர். சின்னப்பெட்டை, சிரிச்ச முகம். என்னைக் கண்டோண்ண, "நீங்கள் பெரியோ?" எண்டு கேட்டா. எனக்கு ஒரு மாதிரிப் போச்சுது. நான் கொஞ்சம் உடம்பு வைச்சது உண்மை தான், அதுக்காக வாசலிலை வைச்சுக் கேக்கிறதோ? பேந்துதான் விளங்கிச்சுது. ஆரபி அவவிட்டைச் சொல்லியிருக்கிறாள், பெரியம்மா வருவா எண்டு. இந்த மனிசிக்கு அது "பெரி இம்மா" எண்டு கேட்டிருக்கு. இம்மா எண்டால் தாய், அப்ப பெரி எண்டது தாயின்ர பேராக்கும் எண்டு நினைச்சுப்போட்டா.

பெரியம்மாவோ? எந்தப் பெரியம்மா? எட்டி உள்ளுக்குப் பாக்கிறன், பிள்ளையளின்ர சின்னக் கதிரையிலை, முழங்காலை மடிச்சுக்கொண்டு, என்ர அக்கா இருக்கிறா.

என்ர சொந்த அக்கா தான். ஜெயமலர். அவவும் நானும் கதைபேச்சில்லாமல் ஒரு வருசத்துக்கு மேலை. அதுக்குள்ளை இவள் எப்பிடிப் பெரியம்மாவைக் கூப்பிட்டாள் எண்டு கேக்கிறியளோ? அங்கை தானே கூத்து! சனிக்கிழமையிலை தேப்பனும் மகளும் நீச்சலுக்குப் போறம் எண்டு போறவை. ரெண்டின்ர தலையும் காய்ஞ்சபடி வரும். நான், ஆகா, அங்கை தலை காயவைக்கிற மெஷின் நல்ல மெஷின் போலை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான். விசரி! அக்கா வீட்டை போய்ப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் திண்டுபோட்டு வந்திருக்குதுகள். என்ர வீட்டுக்குள்ளையே எனக்குத் தெரியாமல்!

என்ன பிரச்சினையோ? ஒரு பிரச்சினையும் இல்லை. ஊதிப் பெருப்பிச்சது. போன வருசம் வைகாசியிலை நாங்கள் வீடு வாங்கிக் குடிபூந்தனாங்கள். அக்கா முதல் நாளே வந்திட்டா. வந்து, குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கினது ஆர்? அவதான். பொழுதுபடத் தொடங்கி, கை சிவக்கச் சிவக்க மினுக்கினவ. பலகாரம் அவ்வளவும் அவதான் சுட்டவ. அவ்வளவு ஒற்றுமை எங்களுக்குள்ளை. அம்மா செத்த பிறகு என்னை வளத்தது அக்கா. லண்டனுக்கு என்னைக் கூப்பிட்டது அக்கா. நான் இல்லையெண்டு சொல்லேல்லையே?

அடுத்த நாள் காலமை ஐயர் விளக்குக் கொளுத்தச் சொல்லுறார். சனம் நிறைஞ்சு நிக்குது. மனிசன்ர தாய், சகோதரம், மச்சாள்மார், எல்லாம் கண்ணைக் கண்ணைப் பாக்கினம். அக்கா எனக்குப் பக்கத்திலை, தீப்பெட்டியை வைச்சுக்கொண்டு நிக்கிறா. அவவின்ர மனிசன், எங்கட அத்தான், செத்து அப்ப ஒரு வருசம் கூட ஆகேல்லை. நான் என்ன செய்ய? மெதுவாச் சொன்னன், "அக்கா, கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ, கொளுத்தி முடியட்டும்" எண்டு. அவ்வளவு தான் சொன்னது. அந்த நாசமாப்போன வீடியோக்காரன் என்ர பிளவுசிலை மைக் கொழுவிவிட்டதை நான் மறந்துபோனன். கூரை பிளக்க ஸ்பீக்கரிலை கேட்டுது. வீதியிலை கார் நிப்பாட்டினவனுக்கும் கேட்டிருக்கும். அதுக்கு நான் என்ன செய்யிறது? மைக் என்ர குற்றமோ?

அக்கா பின்னுக்குப் போனா. சாப்பாடு முடியுமட்டும் நிண்டு, எல்லாருக்கும் பரிமாறிப்போட்டுப் போனா. ஒரு சண்டை இல்லை. பேந்து போன் எடுத்தால் எடுக்கிறா இல்லை. நான் ரெண்டு மூண்டு தரம் எடுத்துப் பாத்தன். எனக்கும் ரோசம் இருக்குத்தானே? விட்டிட்டன்.

நீங்களே சொல்லுங்கோ, அன்ரி. ஊரிலை இல்லாத வழக்கமோ? நானோ கண்டுபிடிச்சனான்? எனக்குத் தனிப்பட்ட முறையிலை ஒண்டும் இல்லை. புதுவீடு, நாலு சனம் நாலு விதமாக் கதைக்கும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் மாமி அதைத்தான் சொல்லிக் காட்டுவா.

இது எந்த இடம்? சரி, சரி. பரவாயில்லை, போகட்டும்.

இண்டைக்கு வகுப்பு வாசலிலை நிக்கிறன். கால் முன்னுக்கும் போகுதில்லை, பின்னுக்கும் போகுதில்லை. அக்கா என்னைக் கண்டிட்டா. எழும்பினா. எழும்பிப் போகப் போறா எண்டு நினைச்சன். இல்லை, சீலைத் தலைப்பைச் சரி செய்துபோட்டு அப்பிடியே நிக்கிறா. நல்லா மெலிஞ்சு போனா, அன்ரி. கழுத்தெலும்பு தெரியுது. ஆரபி ஓடி வந்தாள், தலையிலை வெள்ளைத் துணி கட்டி, குட்டி இம்மா மாதிரி. ஒரு கையிலை என்னைப் பிடிச்சாள், மற்றக் கையாலை அக்காவைக் காட்டி, "மிஸ், இதுதான் என்ர பெரியம்மா. எங்கட பெரியப்பா செத்துப்போனார்" எண்டாள். ஏன் அதை அந்த இடத்திலை சொல்லவேணும்? பிள்ளையள் அப்பிடித்தானே, வாய்க்கு வந்தது.

ரீச்சரின்ர முகம் மாறிச்சுது. ஏதோ ஞாபகம் வந்த மாதிரி.

இப்ப இதை வடிவாக் கேளுங்கோ, எனக்கே பேந்துதான் தெரியவந்துது. அந்தப் பள்ளிக்கூடத்திலை கிழமைக்கு ஒரு நல்ல பழக்கம் எடுத்துப் படிப்பிப்பினம். ஒரு கிழமை இரக்கம், ஒரு கிழமை உண்மை பேசுறது, அப்பிடி. சுவரெல்லாம் எழுதி ஒட்டிக் கிடக்கும். இந்தக் கிழமை மரியாதை. மற்றவையின்ர வீட்டு வழக்கத்துக்கு மரியாதை குடுக்கவேணும் எண்டு. அதுக்காகப் பிள்ளையளை வட்டமா இருத்திவைச்சு, உங்கட வீட்டிலை என்ன வழக்கம், சொல்லுங்கோ எண்டு கேட்டிருக்கினம். சோமாலிப் பெடியன் சொன்னானாம், நாங்கள் கால் கை முகம் கழுவித்தான் தொழுவம் எண்டு. குஜராத்திப் பிள்ளை சொன்னாளாம், நாங்கள் வெங்காயம் திண்ணமாட்டம் எண்டு. எங்கட மகாராணி என்ன சொன்னவள் தெரியுமோ? எங்கட வீட்டிலை விளக்குக் கொளுத்தேக்கை, புருஷன் செத்த பொம்பிளையள் பின்னுக்கு நிக்கவேணும், அதுதான் எங்கட ரூல் எண்டு. பெருமையாச் சொல்லியிருக்கிறாள். வகுப்பே கை தட்டியிருக்கு.

மிஸ் அட்லர் என்ன செய்தா? ஓடிப்போனா. பக்கத்து அறையிலையிருந்து பெரிய ஆக்கள் இருக்கிற கதிரை ஒண்டைத் தூக்கிக்கொண்டு வந்தா. மெத்தை வைச்ச நல்ல கதிரை. கொண்டுபோய் வகுப்பின்ர கடைசியிலை, மழைக்கோட்டுகள் கொழுவிற இடத்துக்குப் பக்கத்திலை போட்டா. போட்டுட்டு அக்காவுக்கு முன்னாலை வந்து, தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, அவ்வளவு பணிவாச் சொல்லுறா: "உங்கட குடும்ப வழக்கம் எங்களுக்குத் தெரியும். அதுக்கு நாங்கள் மரியாதை குடுக்க விரும்பிறம். தயவுசெய்து பின்னுக்கு வந்து வசதியா இருங்கோ."

அக்கா "தாங்க் யூ" எண்டா. சொல்லிப்போட்டு நடக்கிறா. அந்த முப்பது பிள்ளையளும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்க, நிலத்திலை இருந்த அவையளுக்கு நடுவாலை, ஒருத்தரின்ர கையையும் மிதிச்சுப்போடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைச்சு, அந்தக் கதிரைக்கு நடக்கிறா.

அன்ரி, எனக்கு எங்கையிருந்து வந்துதோ தெரியாது. "ஏய்! என்ர அக்காவை எங்கை கொண்டுபோய் இருத்திறாய்?" எண்டு கத்தினன். தமிழிலை தான் கத்தினன், கோவத்திலை இங்கிலிஷ் எங்கை வாறது? "என்னை வளத்தவ அவ! எனக்குத் தாய் அவ! கோட்டுக் கொழுவிற மூலைதான் உனக்குக் கிடைச்சுதோ? அவவைப் பின்னுக்கு இருத்த நீ ஆரடி?" எண்டு கேட்டன். "அடி" எண்டும் சொல்லிப்போட்டன். நல்லகாலம், விளங்காது.

தொப்பி போட்ட ஒரு குட்டிப் பெடியன் வாயைத் திறந்தபடி என்னையே பாக்கிறான். ரீச்சருக்கு முகம் தக்காளியாச் சிவந்துது. ஆரபியைக் கேக்கிறா, அம்மா என்ன சொல்லுறா எண்டு. இவள் நிண்டு மொழிபெயர்க்கிறாள்: "பெரியம்மா பின்னுக்கு இருக்கக் கூடாது எண்டு சொல்லுறா." ரீச்சர் குழம்பிப்போய்க் கேக்கிறா, "ஆனா அது அம்மாவின்ர ரூல் தானே?" இவள் கொஞ்சம் யோசிச்சாள். யோசிச்சுப்போட்டு, "ஓம் மிஸ். அம்மா இப்ப ரூலை மாத்திறா" எண்டாள்.

நான் எங்கை மாத்தினனான்? வழக்கம் வழக்கம் தான். ஆனா அது எங்களுக்குள்ளை, அன்ரி. எங்கட வீட்டுக்குள்ளை, எங்கட சனத்துக்குள்ளை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியாக்கள் செய்து காட்டேக்கை எப்பிடி இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாது. மெத்தைக் கதிரை போட்டுச் செய்தாலும் அவமானம் அவமானம் தானே? ஆர் அவவுக்கு அந்த அதிகாரத்தைக் குடுத்தது? திங்கட்கிழமை போய் ஹெட்ரீச்சரைக் கண்டு கேக்காமல் விடமாட்டன். ஆரைக் கேட்டு என்ர அக்காவைப் பின்னுக்கு இருத்தினியள் எண்டு நேரை கேப்பன்.

ரீச்சர் பாவம், மன்னிப்புக் கேட்டா. எனக்குக் கேட்டா, அக்காவுக்குக் கேட்டா, ஆரபிக்கும் கேட்டா. நான் பின்னுக்குப் போய் அக்காவின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். கை ஐஸ் மாதிரி. "நான் கொளுத்தமாட்டன், சுகந்தினி. நீ கொளுத்து. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" எண்டா. ஆரபி அவவின்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு, "வீட்டிலை தானே அந்த ரூல், பெரியம்மா? இது பள்ளிக்கூடம் தானே? அதுதானே உங்களை இஞ்சை வரச்சொன்னனான்" எண்டாள்.

கேட்டியளே? அந்தச் சின்ன மண்டைக்குள்ளை எவ்வளவு கணக்குப் போட்டு வைச்சிருக்கு! வீட்டிலை கொளுத்த விடாத மனிசி எங்கை கொளுத்தலாம் எண்டு தேடித் தேடி, வெள்ளிக்கிழமை வருமட்டும் பாத்துக்கொண்டு இருந்திருக்கு. ரீச்சருக்கு முன்னாலை அழக்கூடாது எண்டு சீலைக் கொய்யகத்தைக் குனிஞ்சு சரி பண்ணினன்.

ரெண்டு மெழுகுதிரி. ஒண்டை நான் கொளுத்தினன். மற்றதை அக்கா, ஆரபியின்ர கையையும் சேத்துப் பிடிச்சுக்கொண்டு கொளுத்தினா. ரெண்டு தரம் அணைஞ்சு போச்சுது. மூண்டாந்தரம் பத்திச்சுது. பேந்து பிள்ளையள் எல்லாம் கையாலை அந்த வெளிச்சத்தைத் தங்கட பக்கம் அள்ளிற மாதிரிச் செய்து, கண்ணை ரெண்டு கையாலையும் பொத்திக்கொண்டு, ஒரு பாட்டுப் படிச்சுதுகள். அவையின்ர முறை அது. அக்காவுக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. நாங்கள் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணிலை ஒத்திறது இல்லையே, அப்பிடி ஒத்தினா. ஒத்தின கையை எடுக்கவே இல்லை.

நான் கண்ணைப் பொத்தேல்லை. அவவைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். பாட்டு முடிஞ்சுது. பிள்ளையள் கையை எடுத்திட்டுதுகள். பின்னல் போட்ட பாண் ஒண்டும் திராட்சைப்பழச் சாறும் வைச்சிருந்தினம், அதை அடுத்ததாக் குடுக்கவேணும். மிஸ் அட்லர் பாணைத் தொடேல்லை. பிள்ளையளும் கேக்கேல்லை. அந்த வகுப்பு முழுக்க, என்ர அக்கா கையை எடுக்குமட்டும் பாத்துக்கொண்டு இருந்துது. எடுக்கேக்கை உள்ளங்கை ரெண்டும் நனைஞ்சு போய் இருந்துது.

இவன் ஏன் இவ்வளவு மெதுவா ஓட்டுறான்? என்னது, ஹரோவுக்குப் போற பஸ்ஸோ? அக்கா இருக்கிறது அங்கைதான். அதுக்காக நான் ஏறேல்லை, அன்ரி. சும்மா வந்த பஸ்ஸிலை ஏறினது. அவ இதுக்கு முன்னாலை போன பஸ்ஸிலை போட்டா.

கேற்றடியிலை நிண்டு கதைச்சனாங்கள். கதைச்சது எண்டால், நான்தான் கதைச்சனான். அந்தப் பள்ளிக்கூடத்தைத் திட்டித் திட்டி, ரீச்சரைத் திட்டி, உங்களை என்னெண்டு அப்பிடிச் செய்யலாம், நான் விடமாட்டன் எண்டு, மூச்சு விடாமல் கதைச்சன். அவ கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டு நிண்டா. "வீட்டை வாங்கோ அக்கா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" எண்டும் கேட்டன். ஒரு வருசத்துக்குப் பிறகு நானாத்தானே கேட்டன்? கடைசிப் பொத்தானையும் போட்டுப்போட்டு, என்ர கன்னத்தை ஒருக்காத் தடவினா. சின்னனிலை தலை வாரி இழுத்துவிட்டுத் தடவுவா, அது மாதிரி. தடவிப்போட்டுச் சொல்லுறா:

"இண்டைக்கு நீ கத்தின மாதிரி, அண்டைக்கு ஆராவது ஒராள் கத்தியிருக்கலாம், சுகந்தினி."

அவ்வளவு தான். போட்டா. நான் முதலிலை சந்தோசப்பட்டன், அன்ரி. எனக்காகக் கத்தினியே எண்டு நன்றி சொல்லுறா எண்டு நினைச்சன். நன்றி தானே அது? கோவமாச் சொல்லேல்லை, நல்ல ஆறுதலாத்தான் சொன்னவ. ஆனா பஸ்ஸிலை ஏறினதிலை இருந்து அதையே திருப்பித் திருப்பி மனம் சொல்லிக்கொண்டு கிடக்கு. ஆராவது ஒராள் எண்டுதானே சொன்னவ? என்னையெண்டு சொல்லேல்லையே? அண்டைக்கு அந்த வீட்டிலை எத்தினை சனம் நிண்டது, மச்சாள்மார் நிண்டவை, ஐயர் நிண்டவர், என்ர மனிசன் மரம் மாதிரி நிண்டவர், அவையிலை ஆரும் கத்தியிருக்கலாம். நான் எப்பிடிக் கத்துறது? நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. அவவைப் பின்னுக்கு நிக்கச் சொன்னதே நான். பேந்து நானே என்னெண்டு அன்ரி கத்துறது?